குருதியின் அளவும் குழந்தையின் மதிப்பும்

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைச் சீடர்கள் வழியில் காண்கிறார்கள். அவர் உண்டாரா, அவருக்கு உறவினர் உண்டா என்று அவர்கள் வினவவில்லை. இவர் இப்படிப் பிறந்தது இவரது பாவத்தினாலா, இவரைப் பெற்றவர்களது பாவத்தினாலா என்றே ஆண்டவரிடம் கேட்கிறார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுக்கிறார். மறுத்தபின் வாளாவிருக்கவும் இல்லை. மண்ணைக் குழைத்து அவர் கண்களில் பூசி, சிலோவாம் குளத்தில் கழுவிவர அனுப்புகிறார்.

இருபது நூற்றாண்டுகள் கடந்தும் அக்கேள்வி நம்மைவிட்டு அகலவில்லை. பேச வேண்டிய வயதில் பேசாத பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளை, ஓரிடத்தில் ஒரு நொடியும் அமர இயலாத பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அவ்வீட்டு வாசலில் இக்கேள்வி வந்து நிற்கிறது. முன்னாளில் அது பாவம், சாபம், கண்ணேறு என்ற பெயர்களைச் சூடி வந்தது. இன்றோ ஆய்வுக்கூடத்து இரத்தப் பரிசோதனைத் தாளின் உருவில் வருகிறது. இரும்பு குறைவு, துத்தநாகம் குறைவு, வைட்டமின் ‘டி’ குறைவு, அழற்சியின் அளவு மிகுதி என்று அத்தாள் கூறும். அதைப் படித்த தாய், ‘அப்படியானால் தவறு என்னுடையதா?’ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

“சாமி, நான் மாசமா இருந்தப்போ இரும்பு மாத்திரையை ஒழுங்காப் போடலை. அதனாலதான் புள்ளைக்குப் பேச்சு வரலையா?” இவ்வாறு கேட்கும் தாய்மாரை வடசென்னைப் பங்குகளில் பணிபுரியும் குருக்கள் அறிவர். இக்கேள்விக்கு அறிவியல் என்ன விடை தருகிறது, அறநெறி என்ன விடை தருகிறது என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நமது கடமையாகும்.

தாயைப் பழித்த காலம்

மூளையும் நரம்பு மண்டலமும் வளரும் பருவத்தில் தோன்றும் வேறுபாடுகளை மருத்துவர்கள் நரம்பு வளர்ச்சிக் கோளாறுகள் என்பர். ஆட்டிசம், கவனக்குறைவும் மிகை இயக்கமும், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகியவை இவற்றுள் அடங்கும். இந்தியாவின் ஐந்து பகுதிகளில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, வலிப்பு, செவிப்புலன், பார்வைக் குறைகளையும் சேர்த்து ஒன்பது நிலைகளைக் கணக்கிட்டது. இரண்டு வயது முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9.2 விழுக்காட்டினருக்கும், ஆறு முதல் ஒன்பது வயதினரில் 13.6 விழுக்காட்டினருக்கும் இவற்றுள் ஒன்றேனும் இருந்தது. எனவே இது எங்கோ ஒரு வீட்டின் தனித்துயரம் அன்று. எந்தப் பங்கிலும் எந்த மறைக்கல்வி வகுப்பிலும் இத்தகைய பிள்ளைகள் உள்ளனர். அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வீட்டுக்குள் அடைபட்டுள்ளனர்.

ஆட்டிசத்தை 1943-இல் தனியொரு நிலையாக விவரித்தவர் அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கேனர் என்னும் மருத்துவர். அதன்பின் வந்த ஆண்டுகளில், தாயின் அன்பு வற்றிப்போனதாலேயே குழந்தை தன்னுள் ஒடுங்கிவிட்டது என்ற கருத்து கற்றோரிடையே வேரூன்றியது. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. ஆயிரக்கணக்கான தாய்மார், தாங்கள் செய்யாத குற்றத்துக்குத் தங்கள் நெஞ்சுக்குள்ளேயே தண்டனை அனுபவித்தனர். அக்கருத்துக்கு அடிப்படையே இல்லை என்பதை 1964-இலேயே ஒரு நூலில் வாதிட்டவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் உளவியலறிஞர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையுமாவார். காரணம் தாயின் மனத்தில் இல்லை, உடலின் அமைப்பில் உள்ளது என்று அவர் நிறுவ முயன்றார். காலம் அவர் பக்கமே நின்றது.

ஆனால் அதே ரிம்லாண்ட் பின்னாளில் வைட்டமின் ‘பி6’, மக்னீசியம் ஆகியவற்றைப் பேரளவில் கொடுத்தால் பயன் கிட்டும் என்று நம்பினார். பெற்றோரையும் நம்பச் செய்தார். அதன்பின் நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தவர்கள், இதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறினர். ஒரே மனிதர் ஒரு பொய்யைத் தகர்த்தார். உறுதிப்படாத ஒரு நம்பிக்கையையும் விதைத்தார். நல்லெண்ணம் மட்டுமே உண்மையாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தாள் சொல்வதும் சொல்லாததும்

ஊட்டச்சத்துக்கும் மூளை வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டா எனின், ஐயமின்றி உண்டு. கருவுறும் முன்னரே ஃபோலிக் அமிலம் உட்கொள்வது குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைப் பெருமளவு தடுக்கும் என்பது 1991-இல் வெளியான பெரியதோர் ஆய்வில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. அயோடின் குறைவு குழந்தையின் அறிவு வளர்ச்சியைத் தடுக்கும். ஆதலால்தான் உப்பில் அதைச் சேர்க்கிறோம். மழலைப் பருவத்தில் நெடுநாள் இரும்புச்சத்து குறைந்திருந்த குழந்தைகளைக் கோஸ்ட்டாரிக்கா நாட்டில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவர்கள், பிற்காலத்தில் சத்து சரியான பின்னும் அவர்தம் கற்கும் திறனில் குறைவு எஞ்சியிருந்ததைக் கண்டனர். இந்திய அரசு 2016 முதல் 2018 வரை நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்கு இரத்தசோகையும் 32 விழுக்காட்டினருக்கு இரும்புச்சத்துக் குறைவும் இருந்தன.

இனி அழற்சி என்பதைக் காண்போம். காயமோ கிருமியோ நச்சுக்காற்றோ உடலைத் தாக்கும்போது, உடல் தன்னைக் காத்துக்கொள்ள மூட்டும் தீயே அழற்சி. அளவோடு எரிந்து அணைந்தால் அது காவல்; அணையாது கனன்றுகொண்டே இருந்தால் அது கேடு. கருவுற்ற காலத்துத் தொற்று குழந்தையின் மூளையைத் தாக்கவல்லது என்பதற்கு ருபெல்லா ஒரு சான்று. 1964-ஐ ஒட்டி அமெரிக்காவில் பரவிய அந்நோயால் கருவிலேயே பாதிக்கப்பட்ட 243 குழந்தைகளை ஆராய்ந்த ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவர், அவர்களிடையே ஆட்டிசம் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதை 1971-இல் எடுத்துரைத்தார். இன்று ருபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு. தமிழ்நாட்டில் அது தட்டம்மைத் தடுப்பூசியோடு 2017-இல் பெருமுயற்சியாகத் தொடங்கப்பட்டது. ஆட்டிசம், மிகை இயக்கம் உள்ள குழந்தைகளிடம் அழற்சியைக் காட்டும் பொருள்கள் இரத்தத்தில் மிகுந்திருப்பதையும், சில சத்துகள் குறைந்திருப்பதையும் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதெல்லாம் ஒன்றுக்கொன்று காரணமாகிவிடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் உணவில் மிகுந்த தெரிவுடையவர்கள். வெள்ளைச் சோறு மட்டும், குறிப்பிட்ட ஒரு பிஸ்கட் மட்டும் என்று வாழும் பிள்ளைகள் உண்டு. காய்கறியின் நிறமோ மீனின் வாடையோ மாம்பழத்தின் நாரோ அவர்களால் தாங்க இயலாததாகிறது. அப்படியானால் சத்துக் குறைவினால் அந்நிலை வந்ததா, அந்நிலையினால் சத்துக் குறைந்ததா? பல வேளைகளில் இரண்டாவதே உண்மை. பண்டைக் காலத்தில் மாலுமிகளைத் தாக்கிய ஸ்கர்வி என்னும் நோய், பழமோ காயோ உண்ணாத ஆட்டிசக் குழந்தைகள் சிலரிடம் இன்றும் காணப்படுவதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. காலில் வலி, நடக்க மறுப்பு, அழுகை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையின் அழுகையை, அதன் ‘குணம்’ என்று பிறர் எண்ணிவிடுகின்றனர். தேவைப்பட்டதோ எளிய வைட்டமின் ‘சி’.

மற்றொரு நுட்பமும் உண்டு. உடலில் சேமித்துள்ள இரும்பை ஃபெரிட்டின் என்னும் புரதத்தின் அளவால் அறிகிறார்கள். ஆனால் உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். இரும்பு வறண்டு கிடக்கும் உடலும், காய்ச்சலோ தொற்றோ இருக்கையில், போதிய இரும்பு உள்ளதுபோல் தாளில் தோற்றமளிக்கும். துத்தநாகமும் வைட்டமின் ‘ஏ’யுமோ அழற்சியின்போது உள்ளதைவிடக் குறைந்து தெரியும். ஆகவேதான் அறிந்த மருத்துவர், அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் சேர்த்துப் பார்த்தே இவற்றைப் படிப்பார். எண் பொய் சொல்வதில்லை. ஆனால் தனித்து நிற்கும் எண் முழு உண்மையையும் சொல்வதில்லை.

துறைமுகத்துக் காற்றும் வெறும் வயிறும்

இதுவரை கூறியவற்றை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். இராயப்பர் பெயரால் அமைந்த இராயபுரம் தொடங்கி, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை நீளும் கடற்கரை, சென்னையின் உழைப்பைத் தோளில் சுமக்கும் பகுதி. சரக்குப் பெட்டிகளை ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் வரிசையில் நிற்கும் சாலை அது. மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையும் உரத் தொழிற்சாலையும். வடக்கே அனல்மின் நிலையங்கள். 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது; எனினும் வடசென்னை, வல்லூர் நிலையங்களில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது. நெடுங்காலம் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல், கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்து, இறாலைக் கையால் தடவிப் பிடித்து வாழ்ந்த மக்களின் வயிற்றில் அடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் பரவியது. அம்மாத இறுதியிலேயே, 26-ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்து மக்கள் அமோனியா நெடியில் மூச்சுத்திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர்.

சென்னைப் பள்ளிகளில் பயின்ற மூன்று முதல் ஏழு வயதுவரையான 756 குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைக் கண்டறிந்த ஆய்வொன்று 2009-இல் வெளியாயிற்று. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினரும் அமெரிக்க ஆய்வாளரும் இணைந்து அதை நடத்தினர். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. ஈயம் மிகுந்த குழந்தைகளிடம் கவனக்குறைவும் மிகை இயக்கமும் பதற்றமும் மிகுந்திருப்பதாக ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த நெறிப்படி, 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அகற்ற வேண்டும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே இன்றைய அறிவு. ஈயம் ஆட்டிசத்தை உண்டாக்கியது என்று இவ்வாய்வு கூறவில்லை, நாமும் கூறவில்லை. ஆனால் அது குழந்தையின் அறிவையும் கவனத்தையும் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. பழைய வண்ணப்பூச்சிலும், பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் தொழிலிலும், மண்ணிலும் அது இன்னும் உண்டு.

இப்போது உணவும் காற்றும் எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த குடல், ஈயத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது. இரும்புக்காகத் திறந்து வைத்த வாயில் வழியே ஈயமும் நுழைந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் சென்ற ஈயம், உணவோடு சென்றதைக் காட்டிலும் பன்மடங்கு உடலில் சேர்கிறது. அடிக்கடி தொற்றும் அழற்சியும் உள்ள குழந்தையின் உடலில் ஹெப்சிடின் என்னும் பொருள் சுரந்து, இரும்பு உள்ளே வரும் வழியை அடைத்துவிடுகிறது. அங்கே தாய் எத்தனை கரண்டி இரும்பு மருந்து ஊட்டினாலும் பெரும்பகுதி வீணே. ஆகவே பசியும் மாசும் நோயும் மூன்று தனித்தனித் துன்பங்கள் அல்ல. ஒன்று மற்றொன்றுக்குக் கதவு திறந்துவிடுகிறது. அதிகாலை நான்கு மணிக்கு மீன் ஏலத்துக்கு ஓடும் தாயின் பிள்ளை, ஒன்றும் உண்ணாமல் லாரிப் புழுதியில் நடந்து பள்ளிக்குச் செல்லும்போது, இம்மூன்றும் ஒருசேர அப்பிள்ளையின் உடலில் வேலை செய்கின்றன.

இந்நோக்கில் காணும்போது, காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் தொடங்கிய சத்துணவும், பின்னர் சேர்ந்த முட்டையும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் இரக்கத்தின் செயல்கள் மட்டுமல்ல. குழந்தையின் மூளைக்குக் கட்டப்பட்ட அரண்களும் ஆகும்.

காரணம் வேறு, குற்றம் வேறு

அத்தாயின் கேள்விக்கு இப்போது திரும்புவோம். அவள் கேட்பதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எதனால் இது நேர்ந்தது என்பது ஒன்று. யார் குற்றவாளி என்பது மற்றொன்று. முதலாவது இயற்கையைப் பற்றியது. இரண்டாவது அறத்தைப் பற்றியது. முதலாவதற்கு விடை கிடைத்தால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டது என்று எண்ணுவதே சீடர்கள் கேள்வியில் இருந்த பிழை.

ஒருவர் சாவான பாவம் செய்தார் என்பதற்கு மூன்று வேண்டும் என்று மறைக்கல்வியில் நாம் கற்றிருக்கிறோம்: செயல் கனமானதாக இருத்தல், முழு அறிவு, முழுச் சம்மதம். அறியாதவரும், வேறு வழியில்லாதவரும், காரணச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்தாலும் அதனாலேயே குற்றவாளி ஆவதில்லை. இரும்பு மாத்திரை குமட்டியதால் சில நாள் விட்டுவிட்ட தாய்க்கு, அது பிள்ளையின் பேச்சைத் தடுக்கும் என்ற அறிவு இருந்ததா? அப்படித் தடுக்கும் என்று அறிவியலே கூறவில்லையே! ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கே பெரிது என்பது இன்று நிலைபெற்ற உண்மை. எந்த ஒரு தாளையும் காட்டி, இந்தக் குழந்தையின் நிலைக்கு இந்த ஒரு குறைவே காரணம் என்று எவராலும் கூற இயலாது. காற்றைப் பொறுத்தோ, அவளுக்குச் சம்மதம் கூறும் வாய்ப்பும் தரப்படவில்லை. எந்தக் காற்றைச் சுவாசிப்பது என்று எண்ணூரில் எவரைக் கேட்டார்கள்?

ஆகவே, அத்தாய்க்கு நாம் சொல்லக்கூடிய விடை தெளிவானது: ‘அம்மா, குற்றம் உன்னுடையதன்று.’ இது ஆறுதலுக்காகச் சொல்லும் இன்சொல் அன்று. அறநெறியின் அளவுகோலால் அளந்து சொல்லும் தீர்ப்பு.

ஆனால் அதே அளவுகோலை மறுபக்கமும் திருப்பியாக வேண்டும். அறிவும் ஆற்றலும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் பொறுப்பும் இருக்கிறது. சாம்பல் குழாய் கசிகிறது என்று அறிந்தவர். புகைபோக்கியில் வடிகட்டி பொருத்த வேண்டும் என்று அறிந்தும் காலம் தாழ்த்துபவர். அளவுகளைப் பதிவுசெய்யும் கருவியை வைத்துக்கொண்டும் நடவடிக்கை எடுக்காதவர். பேட்டரியை உருக்கும் கொட்டகையைக் குடியிருப்பின் நடுவே அனுமதிப்பவர். இவர்களுக்கு அறிவும் உண்டு, சம்மதமும் உண்டு. தாயிடம் மிக எளிதாகக் கேட்கப்படும் கேள்வி, இவர்களிடம் அவ்வளவு எளிதாகக் கேட்கப்படுவதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், சுற்றுச்சூழல் சீர்கேட்டையும் ஏழைகளின் துயரையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாகாது என்று வற்புறுத்தினார். வடசென்னையில் அது இறையியல் நூலின் கருத்தாக இல்லை. சன்னலைத் திறந்தால் உள்ளே வரும் உண்மையாக உள்ளது.

விற்கப்படும் நம்பிக்கை

குற்ற உணர்ச்சி இருக்கும் இடத்தில் அதைக் காசாக்குவோரும் தோன்றுவர். ‘குழந்தையின் உடலில் நஞ்சு இருக்கிறது, வெளியேற்றிவிட்டால் பேசிவிடும்’ என்று கூறி, தலைமுடியைப் பரிசோதித்து, வெளிநாட்டுப் பொடிகளையும் மாத்திரைகளையும் மாதந்தோறும் விற்கும் நிலையங்கள் பெருநகரங்களில் பெருகியுள்ளன. அவ்வாறான ஓரிடத்தை நம்பித் தாலிக்கொடியை அடகு வைத்தவரை நாம் அறிவோம். பொடி தீர்ந்தது, கடன் தீரவில்லை.

ஈய நஞ்சு மிகக் கடுமையாக ஏறிய குழந்தைக்கு, அதை இரத்தத்திலிருந்து பிணைத்து வெளியேற்றும் ‘கீலேஷன்’ என்னும் சிகிச்சை மருத்துவமனையில் அளிக்கப்படுவது உண்டு. அது உயிர் காக்கும். ஆனால் ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்று கூறி அதைச் செய்ததன் விளைவாக, 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற கருத்தை 1998-இல் பரப்பிய கட்டுரையை, அதனை வெளியிட்ட ‘லான்செட்’ ஏடே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் எத்தனையோ பெற்றோர் தடுப்பூசியை மறுத்துவிட்டனர். தடுப்பூசியை மறுத்தால் திரும்பி வருவது எது? முன்னர்க் கூறிய ருபெல்லாவும் அவற்றுள் ஒன்று.

நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் ஆராய்ந்து, பின்னரே தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த ஒழுங்கு. மிகுதியும் குறைவும் ஒருங்கே நோய் தரும் என்பதும் அவர் கருத்தே. இரும்பும் வைட்டமின் ‘ஏ’யும் ‘டி’யும் குறைந்தால் மட்டுமல்ல, மிகுந்தாலும் உடலைக் கெடுக்கும். ஆகவே அளந்து பாராமல் ஊட்டுவது அன்பின் அடையாளம் ஆகாது.

இருபுறமும் எழும் மறுப்பு

இங்கே இரு திசைகளிலிருந்து மறுப்பு எழலாம். ‘இப்பிள்ளை இறைவனின் சாயல், உள்ளபடியே ஏற்றுக்கொள்வதுதானே விசுவாசம்? பரிசோதனையும் மருந்தும் எதற்கு?’ என்று ஒருவர் கேட்கலாம். ‘மருந்து கொடுப்பதே, இப்பிள்ளையைப் பழுதான பொருளாகக் கருதுவதன்றோ?’ என்று மற்றொருவர் கேட்கலாம். வளர்ந்த ஆட்டிசத்தினர் பலரே இன்று இவ்விரண்டாம் கேள்வியை உலகின் முன் வைக்கிறார்கள். அதைச் செவிமடுப்பது நீதி.

இரண்டுக்கும் ஒரே விடை போதும் என்று நமக்குத் தோன்றுகிறது. எல்லாப் பிள்ளைக்கும் உரியது இப்பிள்ளைக்கும் உரியது. எந்தப் பிள்ளைக்கும் செய்யத் துணியாததை இப்பிள்ளைக்கும் செய்யலாகாது. இரும்பு குறைந்த அண்ணனுக்கு மருந்து தருவோமாயின், பேசாத தம்பிக்கும் அதைத் தர வேண்டும். அவன் பேசுவான் என்பதற்காக அல்ல. அவன் சோர்ந்திருக்கிறான் என்பதற்காக. அண்ணனின் பல் வலிக்கு மருத்துவரை நாடுவோமாயின், தம்பியின் அலறலுக்குப் பின்னும் ஒரு பல்வலி இருக்கலாம் என்று எண்ண வேண்டும். அண்ணனின் உடலில் ஊசி வழியே அறியாத மருந்தைச் செலுத்த அஞ்சுவோமாயின், தம்பியின் உடலிலும் அஞ்ச வேண்டும். குறையைத் தீர்ப்பது குழந்தையை மாற்றுவதற்கன்று. அதற்கு உரியதைக் கொடுப்பதற்கு. உரியதை உரியவர்க்குக் கொடுப்பதே நீதி என்று தூய தோமா அக்குவினாஸ் கற்பிக்கவில்லையா?

குருதியின் அளவு உயரலாம், தாழலாம். குழந்தையின் மதிப்பு அதனோடு உயர்வதும் இல்லை, தாழ்வதும் இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால், பரிசோதனைத் தாள் தீர்ப்போலையாக இராது. வெறும் கருவியாக அதன் இடத்தில் நிற்கும்.

நம்மால் இயல்வன

இனி நாம் செய்யக்கூடியவை என்ன? பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையுள்ள குழந்தைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் உள்ளது. தேவையான குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பவும் அதில் வழி உண்டு. ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் உள்ளிட்டு இருபத்தொரு நிலைகளை ஏற்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. இவற்றை அறியாத பெற்றோர்க்கு அறிவிப்பதும், உடன் சென்று வரிசையில் நிற்பதும் அன்பியக் குழுக்கள் செய்யக்கூடிய பணி. வஞ்சிரத்தை விற்றுவிட்டாலும் நெத்தி­லியையும் மத்தியையும் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மூளைக்கு வேண்டிய கொழுப்பும் புரதமும் அச்சிறுமீன்களில் நிறைந்துள்ளன. வாசலில் ஈயம் உருக்கும் கொட்டகை இருந்தால், ஊர் கூடி மனு எழுதலாம்.

இவையனைத்தினும் எளியது ஒன்று உண்டு. ஞாயிறு திருப்பலியில் ஒரு பிள்ளை கத்தும்போதும், கைகளை உதறும்போதும், பீடத்தை நோக்கி ஓடும்போதும், ஐம்பது தலைகள் திரும்பி அத்தாயை நோக்குகின்றன. அப்பார்வையில் சீடர்களின் பழைய கேள்வி இருக்கிறது. அடுத்த ஞாயிறு அக்குடும்பம் வருவதில்லை. நாம் திரும்பாமல் இருந்தால் போதும். சற்று நகர்ந்து இடம் கொடுத்தால் இன்னும் நன்று.

பார்வை பெற்ற அம்மனிதரின் கதை குணமடைதலோடு முடிந்துவிடவில்லை என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அயலார் அவரை விசாரித்தனர். பரிசேயர் இருமுறை விசாரித்தனர். அவருடைய பெற்றோரையும் அழைத்து விசாரித்தனர். அஞ்சிய பெற்றோர், அவனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கினர். இறுதியில் அவர் வெளியே தள்ளப்பட்டார். அவ்வதிகாரம் முழுவதிலும் அவரை விசாரிக்காமல் தேடிச் சென்றவர் ஒருவரே. வெளியே தள்ளப்பட்டபின் தேடிக் கண்டுபிடித்தவரும் அவரே. இராயபுரத்திலும் எண்ணூரிலும் அடைத்த கதவுகளுக்குப் பின்னால் விசாரணைக்கு அஞ்சி வாழும் பெற்றோர் இன்றும் இருக்கின்றனர். யார் காரணம் என்று கேட்டு அக்கதவைத் தட்ட வேண்டாம். பிள்ளை உண்டதா, உறங்கியதா, எங்காவது வலிக்கிறதா என்று கேட்டுத் தட்டுவோம்.